வெண்ணகரம் விட்டுச்சென்றவை
(1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகப் பொருட்காட்சி)

விழாவுக்காக ஒரு நகரை அழகு செய்வது நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. இந்திர விழாக் காலத்தில் புகார் நகரம் பூண்ட கோலத்தைச் சிலம்பும் மேகலையும் விரித்துரைக்கின்றன. அவ்விழா 28 நாள் நடந்தது என்பது மணிமேகலை தரும் செய்தி. விழாவை மறந்த நகரைக் கடல் கொண்டது என்பதும் அக்காப்பியம் கூறுவதே. ஆனால் விழாவுக்கென்றே ஒரு நகரைப் புதிதாக எழுப்பி, விழா முடிந்ததும் அதைக் களைந்துவிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலைநாட்டார் கண்ட வழக்கம். உலகப் பொருட்காட்சி என்பது அதன் பெயர்.

1851இல் இலண்டனில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்த பளிங்கு அரண்மனை இவ்வரிசையின் தொடக்கம். 1889இல் பாரிசில் நடந்த பொருட்காட்சி ஈபெல் கோபுரத்தை உலகிற்கு அளித்தது. நான்கே ஆண்டுகளில், 1893இல், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிகாகோ நகரம் இவ்விரண்டையும் விஞ்ச முனைந்தது. சிகாகோ என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது சுவாமி விவேகானந்தரின் சொற்பொழிவே. அச்சொற்பொழிவு நிகழ்ந்த சமயப் பேரவை ஒரு மாபெரும் பொருட்காட்சியை ஒட்டி நடந்த மாநாடுகளுள் ஒன்று என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை. அப்பொருட்காட்சியின் வரலாற்றையும், அது மறைந்த பின்னும் மறையாது நின்றவற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கவிஞர்கள் கூடும் ஓர் அமைப்பின் மலரில் இதனை எழுதத் தகுந்த காரணம் உண்டு. இக்கதையின் நடுவே கவிஞர்கள் இருவர் நிற்கின்றனர். கவிஞர்க்கு ஒப்பான சொல்வன்மை வாய்ந்த வேறு சிலரும் நிற்கின்றனர்.

சாம்பலிலிருந்து எழுந்த நகரம்

கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட அமெரிக்கா எண்ணியபோது, அவ்விழாவை நடத்தும் உரிமைக்கு நியூயார்க், வாசிங்டன், செயிண்ட் லூயி ஆகிய நகரங்கள் போட்டியிட்டன. 1871இல் பெருந்தீயில் வெந்து போய், இருபதே ஆண்டுகளில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டதாக வளர்ந்திருந்த சிகாகோ, 1890 பிப்ரவரியில் அமெரிக்கப் பேரவையின் வாக்கெடுப்பில் வென்றது. கிழக்குக் கரை நகரத்தார் சிகாகோவை இறைச்சிக் கூடங்களின் ஊர் என்று எள்ளிய காலம் அது. தானும் கலை அறிந்த ஊரே என்று மெய்ப்பிக்க வேண்டிய ஏக்கம் சிகாகோவுக்கு இருந்தது. பொருட்காட்சியின் ஒவ்வொரு தூணிலும் அந்த ஏக்கத்தைக் காணலாம்.

கட்டடக் கலைஞர்கள் டேனியல் பர்னாம், ஜான் ரூட் ஆகிய இருவரும் திட்டத்தின் தலைமையை ஏற்றனர். மிச்சிகன் ஏரிக்கரையில் மணல்மேடும் சதுப்பும் புதருமாகக் கிடந்த ஜாக்சன் பூங்காவை, நியூயார்க்கின் நடுவண் பூங்காவை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் நீர்நிலைகளும் தீவுமாக மாற்றியமைத்தார். 1891 ஜனவரியில் ரூட் திடீரென மறைந்தார். முழுப் பொறுப்பும் பர்னாமின் தோளில் விழுந்தது. நாட்டின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களை அழைத்து அவர் பணியைப் பகிர்ந்தளித்தார். நடுவில் ஒரு பெரிய நீர்த்தடாகம். அதைச் சுற்றி ஒரே உயர ஒழுங்கில், உரோமானிய, கிரேக்கப் பாணித் தூண்களோடு மாளிகைகள். அனைத்துக்கும் வெண்ணிறப் பூச்சு. அதனால் மக்கள் அதை 'வெண்ணகரம்' என்று அழைத்தனர்.

அந்த வெண்மை சலவைக்கல்லின் வெண்மை அன்று. உள்ளே இரும்பும் மரமுமான எலும்புக்கூடு. வெளியே பாரிஸ் சாந்தும் சிமெண்டும் சணல் நாரும் கலந்த கலவை. சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்பதை அறிந்தே அதைக் கட்டினர். ஏறத்தாழ 690 ஏக்கர் பரப்பில் 200 அளவிலான கட்டடங்கள் எழுந்தன. உற்பத்திப் பொருள் மண்டபம் ஒன்றே 1,687 அடி நீளமும் 787 அடி அகலமும் கொண்டிருந்தது.

1893 மே முதல் நாள் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து ஒரு மின்விசையை அழுத்திப் பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். அக்டோபர் 30 வரை அது நடந்தது. வருகைக் கணக்கு 2 கோடியே 70 இலட்சத்தைத் தாண்டியது. அந்நாளில் அந்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 30 இலட்சம் என்பதைக் கருதினால் இதன் பெருமை விளங்கும். சிகாகோ நாள் எனக் கொண்டாடப்பட்ட அக்டோபர் 9ஆம் நாள் மட்டும் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர்.

ஒளியும் இராட்டினமும்

வெண்ணகரத்தின் உண்மையான அதிசயம் இரவில் தெரிந்தது. மின்விளக்கைக் கண்டிராத உழவர் குடும்பங்கள் அந்தி மயங்கியபின் அத்தடாகக் கரையில் நின்று, மாளிகைகளின் விளிம்பெல்லாம் விளக்குகள் தோன்றுவதைக் கண்டன. அவ்விளக்குகளின் பின்னே ஒரு பெரும் வணிகப் போர் இருந்தது. எடிசனின் நிறுவனமும் பிறிதொன்றும் இணைந்து உருவான ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை விடக் குறைந்த தொகை கேட்டு, ஒளியமைப்புக்கான ஒப்பந்தத்தை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பெற்றார். நிகோலா டெஸ்லாவின் கண்டுபிடிப்புகளைத் துணைக்கொண்டு மாறுமின்னோட்டத்தால் வெண்ணகரத்தை ஒளிரச் செய்தார். அவ்வாண்டே நயாகரா அருவியில் மின்னாக்கி அமைக்கும் பணியும் அவருடைய நிறுவனத்திற்குக் கிடைத்தது. 1896இல் அந்த மின்சாரம் பஃபலோ நகரை அடைந்தது. இன்று நம் வீடுகளுக்கு வரும் மின்சாரமும் அவ்வகையினதே.

ஈபெல் கோபுரத்திற்கு விடை கூறும் ஒன்று வேண்டும் என்று பர்னாம் பொறியாளர்களைத் தூண்டினார். அதற்கு ஜார்ஜ் பெரிஸ் என்னும் இளம் பொறியாளர் தந்த விடை 264 அடி உயரமுள்ள இரும்புச் சக்கரம். அதில் 36 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 60 பேர். ஒரே வேளையில் 2,160 பேர் வானில் சுழலலாம். கட்டணம் 50 சென்ட். பொருட்காட்சியின் நுழைவுக் கட்டணமும் அதுவே. ஜூன் 21ஆம் நாள் ஓடத் தொடங்கிய அதில் 14 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஏறினர். ஆயினும் பெரிஸ் கடனிலும் வழக்குகளிலும் உழன்று 1896இல் தம் 37ஆம் வயதில் இறந்தார். அவருடைய சக்கரம் 1904இல் செயிண்ட் லூயி பொருட்காட்சிக்குச் சென்று, 1906இல் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் இன்று இரும்பு இராட்டினத்தில் ஏறும் குழந்தை பெரிஸின் பெயரை அறியாமலே அவருக்குக் கடன்படுகிறது.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இத்துணை வெண்மையான நகரத்தில் கறுப்பு மக்களுக்கு இடம் எங்கே என்ற கேள்வி அன்றே எழுந்தது. குடியரசுத் தலைவர் நியமித்த தேசிய ஆணையத்தில் முதலில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. அடிமைமுறை ஒழிந்து 28 ஆண்டுகளே கடந்திருந்தன. அந்த 28 ஆண்டுகளில் தம் மக்கள் அடைந்த வளர்ச்சியைக் காட்டத் தனிக் கூடம் வேண்டும் என்ற அவர்தம் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, நாவன்மையால் நாடறிந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். எய்ட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராக முன்னர்ப் பணியாற்றியிருந்தார். அவரைப் பொருட்காட்சிக்குள் நுழைய வைத்தது அவருடைய தாய்நாடு அன்று. கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்து அமைத்த குடியரசான எய்ட்டியே தன் மண்டபத்திற்கு அவரைப் பொறுப்பாளராக்கியது. அம்மண்டபத்தை ஒரு மேடையாக மாற்றிக்கொண்டார் டக்ளஸ். இதழாளர் ஐடா பி. வெல்ஸ் அவரோடு இணைந்தார். அமெரிக்கக் கறுப்பர் ஏன் இப்பொருட்காட்சியில் இல்லை என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு ஒரு சிறு நூலை அவர்களும் நண்பர் இருவரும் எழுதினர். கும்பல் கொலைகளையும், சிறைக் கைதிகளை வாடகைக்கு விடும் கொடுமையையும் அந்நூல் எடுத்துரைத்தது. அயல்நாட்டாரும் அறியட்டும் என்று அதன் முன்னுரையைப் பிரெஞ்சிலும் செருமன் மொழியிலும் அச்சிட்டனர்.

ஆகஸ்டு 25ஆம் நாளைக் 'கறுப்பு அமெரிக்கர் நாள்' என நிருவாகத்தார் ஒதுக்கினர். இதில் கலந்துகொள்வது தகுமா என்ற கேள்வியில் டக்ளசும் வெல்சும் கருத்து வேறுபட்டனர். ஒரு நாள் பிச்சை வேண்டா என்றார் வெல்ஸ். கிடைத்த மேடையை விடலாகாது என்றார் டக்ளஸ். எழுபது வயதைக் கடந்த அவர் அன்று பேச எழுந்தபோது சிலர் கூச்சலிட்டுத் தடுக்க முயன்றனர். அவர் கையிலிருந்த தாளை எறிந்துவிட்டு, இங்கே கறுப்பர் சிக்கல் என ஒன்று இல்லை, இந்நாட்டு மக்கள் தம் அரசமைப்புச் சட்டத்தின்படி வாழும் நேர்மை உடையவர்களா என்பதே சிக்கல் என்னும் கருத்துப்பட முழங்கினார். அவ்வுரையைப் பின்னர் நாளேட்டில் படித்த வெல்ஸ் நேரில் சென்று அவரிடம் வருத்தம் தெரிவித்தார்.

அதே மேடையில் 21 வயது இளைஞர் ஒருவர் தம் கவிதையைப் படித்தார். அவர் பால் லாரன்ஸ் டன்பார். பெற்றோர் இருவரும் கெண்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் வாரம் 4 டாலர் ஊதியத்திற்கு மின்தூக்கி இயக்கியவர் அவர். முதல் கவிதைத் தொகுதியை அச்சிட 125 டாலர் கடன்பட்டு, தம் மின்தூக்கியில் ஏறி இறங்குவோரிடமே படிகளை விற்று அக்கடனைத் தீர்த்தவர். வேலை தேடிச் சிகாகோ வந்த அவரை டக்ளஸ் வாரம் 5 டாலருக்கு எய்ட்டி மண்டபத்தில் எழுத்தராக அமர்த்திக்கொண்டார். தம் சொந்தக் கையிலிருந்தே அச்சம்பளத்தைக் கொடுத்தார் என்பர். டன்பார் 1906இல் தம் 33ஆம் வயதில் மறைந்தார். கூண்டுப் பறவையைப் பற்றி அவர் 1899இல் வெளியிட்ட கவிதையின் ஓர் அடியே, மாயா ஏஞ்சலு 1969இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்குத் தலைப்பாயிற்று. வெண்ணகரத்தில் இடமில்லாத ஒருவரின் சொல் முக்கால் நூற்றாண்டு கடந்து மற்றொருவர்க்கு வாயாக அமைந்தது.

சைமன் பொக்காகனையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிகாகோ நின்ற நிலம் போட்டவாட்டமி என்னும் தொல்குடியினர்க்கு உரியதாயிருந்தது. 1833ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது அவர்கள் கைவிட்டுப் போனது. அக்குடியைச் சேர்ந்த பொக்காகன், தம் மக்களின் கண்டனத்தை ஒரு சிறு நூலாக எழுதிப் பொருட்காட்சியில் விற்கச் செய்தார். அதைத் தாளில் அச்சிடவில்லை. பூர்ச்ச மரப்பட்டையில் அச்சிட்டார். கொலம்பசின் வருகை தம் இனத்திற்குக் கொண்டாட்டம் அன்று, இழவு என்பதே அந்நூலின் உள்ளீடு. ஓலையில் எழுதி வாழ்ந்த நமக்கு அப்பட்டை நூலின் அருமை எளிதில் விளங்கும். எழுதப்பட்ட பொருளே எழுதியவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

'மிட்வே' என்னும் கேளிக்கைத் தெருவிலோ வேறொரு காட்சி. தகோமி, சாவகம், சமோவா, எகிப்து முதலிய நாடுகளிலிருந்து மக்களையே கொண்டுவந்து, குடில்கள் அமைத்து, அவர்தம் அன்றாட வாழ்வைக் கட்டணம் பெற்றுக் காட்டினர். பொருளைக் காட்டுவதற்கும் மனிதரைக் காட்டுவதற்கும் இடையே உள்ள கோடு அங்கே அழிந்தது. இலங்கை அரசு தன் நாட்டு மரங்களால் அழகிய மண்டபம் கட்டித் தேயிலைக்குப் பெயர் தேடியது. காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் அத்தீவின் பொருளாதாரத்தைத் தாங்கிய தேயிலை அது. அதைக் கிள்ளியெடுத்த கைகள் தமிழகத்திலிருந்து மலையகம் சென்ற தொழிலாளர்களின் கைகள். கோப்பையின் மணத்தை வியந்தவர்க்கு அக்கைகள் தெரிந்திருக்க வழியில்லை.

சமயப் பேரவையும் தமிழகமும்

பொருட்காட்சியை ஒட்டிப் பல துறை மாநாடுகளும் நடந்தன. அவற்றின் பொருட்டு நகரின் நடுவே எழுப்பிய நிலையான கட்டடமே இன்றைய சிகாகோ கலைக் கழகம். ஜூலை 12ஆம் நாள் அங்கே நடந்த வரலாற்றாசிரியர் கூட்டத்தில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்னும் இளம் பேராசிரியர், அமெரிக்கப் பண்பாட்டை உருவாக்கியது அதன் எல்லைப்புற நிலமே, அவ்வெல்லை இப்போது முடிந்துவிட்டது என்ற கருத்தை வாசித்தார். அன்று பெரிதும் கவனிக்கப்படாத அக்கட்டுரை அரை நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றெழுத்தை ஆண்டது.

செப்டம்பர் 11 முதல் 27 வரை அங்கே சமயப் பேரவை கூடியது. இலங்கையிலிருந்து அநாகரிக தர்மபாலரும், சமண சமயத்தின் சார்பில் வீர்சந்த் காந்தியும் பேசினர். விவேகானந்தரை அங்கே அனுப்பியதில் தமிழகத்தின் பங்கு பெரிது. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் அவர்தம் இளம் நண்பர்களும் வீடுவீடாகச் சென்று நிதி திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கமும் உதவியும் அளித்தார். பேரவைக்கு முன்னரே அமெரிக்கா சேர்ந்து, கைப்பொருள் கரையக் கரையத் தாம் பட்ட இடரைச் சுவாமிகள் எழுதித் தெரிவித்ததும் அளசிங்கருக்கே. 1897 ஜனவரி 26ஆம் நாள் பாம்பனில் கரையிறங்கிய அவரைச் சேதுபதி வரவேற்றார். பிப்ரவரியில் சென்னை வந்த சுவாமிகள் தங்கிய கடற்கரை மாளிகை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்'. இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. பனிக்கட்டி வந்த வழியின் எதிர்த்திசையில் ஒரு சொல் சென்று திரும்பியது என்று கூறலாம்.

2010ஆம் ஆண்டு செப்டம்பர் 11இல், இந்திய ஓவியர் ஜித்தீஷ் கல்லாட், சமய வெறிக்கு எதிரான அச்சொற்பொழிவை அதே கட்டடத்தின் படிக்கட்டுகளில் ஒளியெழுத்துகளாகப் பதித்துக் காட்டினார். 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஐயும் 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஐயும் அருகருகே வைத்த படைப்பு அது.

பரிசிலும் உரிமையும்

சமயப் பேரவையைக் கண்டவர்களுள் சிகாகோவின் இளங்கவிஞர் ஹாரியட் மன்றோவும் ஒருவர். பேரவையில் அனைவரையும் கவர்ந்து ஊரையே தம் வயப்படுத்தியவர் விவேகானந்தரே என்று பல்லாண்டுகள் கழித்துத் தம் தன்வரலாற்றில் எழுதினார். அவர் மறைந்த கட்டடக் கலைஞர் ஜான் ரூட்டின் மனைவிக்குத் தங்கை.

பொருட்காட்சியின் தொடக்க ஏற்பாடுகளில் சிற்பம், ஓவியம், இசை அனைத்துக்கும் இடம் இருந்தது, கவிதைக்கு இல்லை. இதைக் கேட்க வேறு எவரும் முன்வராத நிலையில் முப்பது வயதான மன்றோ குழுவினரிடம் சென்று கேட்டார். கவிதை எழுதும் பணி அவருக்கே கிடைத்தது. தம் படைப்புக்கு அவர் கேட்டுப் பெற்ற பரிசில் 1,000 டாலர். 1892 அக்டோபர் 21ஆம் நாள் நடந்த அர்ப்பண விழாவில், முற்றுப்பெறாத உற்பத்திப் பொருள் மண்டபத்தில், இலட்சம் பேருக்கு மேல் கூடியிருக்க, அவருடைய 'கொலம்பியப் பாடல்' வாசிக்கப்பட்டது. அதன் சில பகுதிகளுக்கு ஜார்ஜ் சாட்விக் இசையமைக்கப் பெருங்குழுவினர் பாடினர். ஒலிபெருக்கி இல்லாத காலம். மண்டபத்தின் மறுகோடியில் நின்றவர்க்கு ஒரு சொல்லும் எட்டியிராது. அப்பாடலின் நடுவே தம் மைத்துனர் ரூட்டின் நினைவுக்கும் சில அடிகளை அவர் வைத்திருந்தார். விழாவின் ஆரவாரத்தில் ஒரு குடும்பத்தின் துயரமும் அவ்வாறு இடம்பெற்றது.

நினைவுப் பொருளாக அப்பாடலைச் சிறு நூலாக 5,000 படிகள் அச்சிட்டனர். அவை விலை போகவில்லை. எஞ்சிய கட்டுகளை அவ்வாண்டுக் குளிருக்குத் தம் அறைக் கணப்பில் இட்டு எரித்ததை மன்றோவே பின்னர்ச் சிரிப்போடு கூறியுள்ளார். நூல் அச்சிட்ட கவிஞர் எவர்க்கும் இச்செய்தியில் வியப்பிராது.

வியப்புக்குரியது வேறொன்று. விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளேடு அப்பாடலை இசைவு பெறாமல் வெளியிட்டுவிட்டது. பெரும் செல்வாக்குள்ள நாளேடு அது. எதிரில் நின்றவர் பெயர் பெறாத ஒரு பெண் கவிஞர். மன்றோ வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞரான தந்தையும் துணை நின்றார். அச்சேறாத கையெழுத்துப் படியின்மேல் அதை ஆக்கியோர்க்கு உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்று 5,000 டாலர் இழப்பீடு அளிக்கச் செய்தது. நாளேடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896இல் அம்மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. புலவர் பரிசிலுக்கு வாயிலில் காத்து நின்ற மரபை அறிந்தவர்கள் நாம். பரிசில் நீட்டித்த மன்னரை முகத்துக்கு நேரே கடிந்த புலவர்களையும் அறிவோம். அவர்கள் பாட்டால் கேட்ட நீதியை மன்றோ சட்டத்தால் கேட்டார்.

ஓவியருக்கும் சிற்பிக்கும் காட்சிக்கூடமும் பரிசுகளும் இருக்கக் கவிஞருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தன. சிகாகோவின் வணிகர்களையும் செல்வர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்து, ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தர நூறு பேரை இசைவித்து, 1912 அக்டோபரில் 'பொயட்ரி' என்னும் கவிதை இதழைத் தொடங்கினார். அச்சேறும் கவிதைக்குப் பணம் தரும் இதழ் அது. அவ்வாண்டு டிசம்பர் இதழில் இரவீந்திரநாத தாகூரின் கவிதைகள் ஆறு வெளிவந்தன. நோபல் பரிசு அவரை அடைந்தது அடுத்த ஆண்டில்தான். 1914இல் கார்ல் சாண்ட்பர்க்கின் சிகாகோக் கவிதைகளையும், 1915இல் டி. எஸ். எலியட்டின் புரூஃபிராக் கவிதையையும் முதலில் அச்சிட்டதும் அவ்விதழே. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையின் போக்கை மாற்றிய அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது.

எரிந்ததும் எஞ்சியதும்

வெண்ணகரத்தின் முடிவு துயரமானது. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவைப் பெரும் பொருளாதாரச் சரிவு தாக்கியது. அக்டோபர் 28ஆம் நாள் சிகாகோ மேயர் கார்ட்டர் ஹாரிசன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நிறைவு விழா கைவிடப்பட்டது. கொடிகள் தாழப் பறக்க, பொருட்காட்சி முடிந்தது. அக்குளிர்காலத்தில் வேலையிழந்தோர் அவ்வெற்று மாளிகைகளில் ஒண்டினர். அடுத்த ஆண்டு புல்மன் தொடர்வண்டித் தொழிற்சாலையில், கூலியைக் குறைத்தும் குடியிருப்பின் வாடகையைக் குறைக்காத முதலாளியை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. நாடெங்கும் இருப்புப்பாதைகள் முடங்கின, படை வந்தது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே 1894 ஜூலை 5ஆம் நாள் வெண்ணகரத்தின் பெரும் மாளிகைகள் தீக்கு இரையாயின.

அது நகரமைப்பிற்கு விட்டுச்சென்ற மரபு இருவகைப்பட்டது. திட்டமிட்டு ஒரு நகரை அழகுறக் கட்ட முடியும் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். வாசிங்டன் நகரின் நடுவண் வெளியைச் சீரமைத்த 1902ஆம் ஆண்டுத் திட்டத்திலும், சிகாகோவுக்கான 1909ஆம் ஆண்டுத் திட்டத்திலும் பர்னாமின் கை இருந்தது. சிகாகோ ஏரிக்கரை இன்றும் மக்களுக்குப் பொதுவாக நிற்பதில் அவ்வெண்ணத்திற்குப் பங்கு உண்டு. அதே வேளையில், கலைஞர் லூயி சல்லிவன் இப்பொருட்காட்சியைக் கடுமையாகச் சாடினார். அமெரிக்கா தனக்கென ஒரு கட்டடக் கலையைப் படைக்கத் தொடங்கிய நேரத்தில், பழைய உரோமானிய முகமூடியை மாட்டி அதனைக் கெடுத்துவிட்டது, இக்கேடு அரை நூற்றாண்டேனும் நீடிக்கும் என்பது அவர் தீர்ப்பு. இரவல் அழகா, சொந்த வடிவமா என்ற இவ்வழக்கு கட்டடத்திற்கு மட்டும் உரியதன்று. மரபுக்கும் புதுமைக்கும் இடையே நின்று எழுதும் எந்தக் கவிஞரும் இதை அறிவார்.

மாளிகைகளுள் எஞ்சியது கலைக்கூடம் ஒன்றே. விலைமதிப்பற்ற ஓவியங்களை வைக்க வேண்டியிருந்ததால் அதற்கு மட்டும் செங்கல் உடல் அமைத்திருந்தனர். பின்னர்க் கல்லால் மூடப்பெற்று, 1933 முதல் அது அறிவியல் தொழில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. டன்பாரும் டக்ளசும் இடம் கேட்டு நின்ற அதே ஜாக்சன் பூங்காவில், 2021இல், முதல் கறுப்பினக் குடியரசுத் தலைவரான ஒபாமாவின் பெயரால் அமையும் மையத்திற்குக் கட்டுமானப் பணி தொடங்கியது. வரலாறு கடன் தீர்க்கச் சில நேரங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலும் எடுத்துக்கொள்கிறது.

வெண்ணகரம் எழுந்து எரிந்த அதே ஆண்டுகளில், கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையர் கரையான் தின்ற ஏடுகளோடு இரவு பகலாகப் போராடிக்கொண்டிருந்தார். 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் அவர் பதிப்பில் வெளிவந்தன. அவருக்கு 690 ஏக்கர் இல்லை; மின்விளக்கும் இல்லை. ஆயினும் கடல் கொண்ட புகாரை இன்று நாம் காண்பது அவர் காத்த ஏட்டினால்தான். சிகாகோவிலும் அதுவே நடந்தது. சாந்து உதிர்ந்தது, மரப்பட்டையில் அச்சிட்ட கண்டனமும், எய்ட்டி மண்டபத்து எழுத்தரின் கவிதையும், கணப்பில் எரிந்த நூலை எழுதியவர் தொடங்கிய இதழும் நின்றன.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்து வரும் நம் வட்டத்திற்கு மண்டபம் சொந்தமில்லை. கூட்டத்திற்கு வருவோர் தொகையும் பெரிதன்று. அதுபற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த பத்தாண்டில் நம் இதழில் அச்சேறும் ஒவ்வொரு கவிதைக்கும், தொகை எத்துணைச் சிறிதாயினும், பரிசில் ஒன்று தர இம்மலரின் நாளில் உறுதி கொள்வோமாயின், சிகாகோவிடம் கற்க வேண்டியதைக் கற்றவர்கள் ஆவோம்.